ஆற்றைப் படம்பிடித்த ழான் ரெனுவார்

எங்கள் ஊரின் பெயரிலேயே ஆறு இருக்கிறது. நூலாற்றுக்கும் அரசலாற்றுக்கும் நடுவே இருப்பதால் நள்ளாறு ஆயிற்று என்பர் சிலர். நளனின் துயர் ஆறிய இடமாதலால் நள்ளாறு ஆயிற்று என்பர் வேறு சிலர். எது மெய்யாயினும், ஆற்றங்கரையில் பிறந்து ஆற்று நீர் குடித்து வளர்ந்தவர்கள் நாங்கள். அதனால்தானோ என்னவோ, 'ஆறு' என்றே பெயர் கொண்ட ஓர் அயல்நாட்டுத் திரைப்படம் சென்ற கோடை விடுமுறையில் திருநள்ளாற்றுக்கு என்னைத் தேடி வந்தது. அந்தப் படத்தை எடுத்தவரின் வாழ்க்கையைத்தான் இம்மலரில் என் ஆசிரியப் பெருமக்களுக்கும் உடன் பயிலும் தோழர் தோழியருக்கும் சொல்ல விழைகிறேன்.

அதற்கு முன், அது என்னைத் தேடி வந்த கதையைச் சொல்லிவிட வேண்டும்.

காரைக்கால் வட்டாரத்தில் பிரான்சு நாட்டு உறவு இல்லாத தெரு அரிது. 1954 நவம்பர் முதல் நாள் நம் மண் இந்தியாவோடு இணைந்தது. 1962 ஆகஸ்டு 16இல் அந்த இணைப்பு சட்டப்படி நிறைவேறியது. அப்போது பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்ட குடும்பங்கள் பல. என் தாத்தாவின் அண்ணன் பிரெஞ்சுப் படையில் இருந்தவர்; ஊரார் வழக்கில் அவர் ஒரு 'சொல்தா'. அவருடைய மகள், எனக்கு ஒன்றுவிட்ட அத்தை, பாரிசு நகரை அடுத்த ஓர் ஊரில் வாழ்கிறார். அத்தைக்கு ஒரே மகள், வயது பதினாறு. என்னை அக்கா என்றுதான் அழைப்பாள். தமிழ் பேசுவாள், எழுத்துக்கூட்டிப் படிப்பாள். ஊருக்கு வந்தால் நளன் குளத்துப் படியில் அமர்ந்து பொழுது போக்குவதில் அவளுக்குப் பெரு விருப்பம்.

அங்கே பள்ளியில் காட்டினார்கள் என்று அவள்தான் அந்தப் படத்தை மடிக்கணினியில் எனக்குப் போட்டுக் காட்டினாள். மூன்று பெண்கள் குழந்தைப் பருவத்தைக் கடந்து குமரிப் பருவத்தில் கால் வைக்கும் கதை அது. வங்காளத்தில், ஊக்ளி ஆற்றின் கரையில் நடக்கிறது. படம் முடிந்ததும் அவள் என்னிடம் ஒன்று கேட்டாள். இந்த மூவரில் நான் யார் என்பதே அவள் கேள்வி. அங்கே பள்ளியில் புதிதாய்ப் பழகுவோர் அவளை எந்த நாட்டுக்காரி என்று கேட்கிறார்களாம். இங்கே தெருவில் சிறுவர்கள் அவளைப் பிரெஞ்சுக்காரி என்கிறார்கள். இரண்டு இடத்திலும் தான் வேற்றாள் என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். அந்தச் சிரிப்பு எனக்குச் சிரிப்பாகத் தோன்றவில்லை.

அவளுக்குச் சொல்ல என்னிடம் அன்று விடை இல்லை. படத்தை எடுத்தவர் யார், ஏன் எடுத்தார் என்று தேடிப் படிக்கத் தொடங்கினேன். அப்படிப் படித்தறிந்தவையே இனி வருவன.

ஓவியர் மகன்

ழான் ரெனுவார் 1894 செப்டம்பர் 15ஆம் நாள் பாரிசு நகரின் மோன்மார்த்ருப் பகுதியில் பிறந்தார். தந்தை ஒகுஸ்த் ரெனுவார் உலகம் போற்றும் ஓவியர். ஒளி பொருள்களின் மேல் விழும் கணத்தையே வண்ணமாக்கியவர்களுள் அவர் முதல் வரிசையில் நிற்பவர். தாய் அலின், எஸ்ஸுவா என்னும் சிற்றூரிலிருந்து வந்தவர். அந்த ஊரிலிருந்தே தாயின் உறவுக்காரப் பெண்ணாகிய கபிரியேலும் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வந்து சேர்ந்தார். சிறுவன் ழானைப் பொம்மலாட்டத்துக்கு அழைத்துச் சென்றவர் கபிரியேல். முதன்முதலில் சலனப்படம் காட்ட அழைத்துச் சென்றவரும் அவரே.

சிறுவனின் நீண்ட செம்பொன் தலைமுடியைத் தந்தை பலமுறை ஓவியமாகத் தீட்டினார். பிள்ளையோ முடி வெட்டிக்கொள்ளும் நாளுக்காக ஏங்கினான். பிறர் தன்னைத் தம் விருப்பப்படி சித்திரமாக்கும்போது உள்ளே இருப்பவருக்கு எப்படி இருக்கும் என்பதை அவர் இளமையிலேயே அறிந்திருக்க வேண்டும் என்று நான் எண்ணிக்கொள்கிறேன். படம் வரைபவன் ஒருவன், வரையப்படுபவன் மற்றொருவன். இந்த இருவருக்கும் இடையிலான வழக்கு அவர் வாழ்நாள் முழுதும் தொடர்ந்தது.

காலில் பாய்ந்த குண்டு

முதல் உலகப்போர் மூண்டபோது ரெனுவார் குதிரைப்படையில் இருந்தார்; பின்பு மலைக் காலாட்படைக்கு மாறினார். 1915இல் அவர் தொடையில் குண்டு பாய்ந்தது. காலை எடுத்துவிட வேண்டும் என்ற பேச்சு மருத்துவமனையில் எழுந்தது. நோயுற்றிருந்த தாய் நெடுந்தொலைவு பயணம் செய்து வந்து அதைத் தடுத்தார். கால் பிழைத்தது. ஆனால் அந்த ஆண்டிலேயே தாய் மறைந்தார். ரெனுவார் வாழ்நாள் முழுதும் சற்றே நொண்டி நடந்தார். அந்தக் காலோடு மீண்டும் போருக்குச் சென்று, வேவு விமானம் ஓட்டினார்.

உடல் தேறிய நாள்களில்தான் சார்லி சாப்ளின் படங்களைப் பார்த்துத் திரைப்பட மோகம் கொண்டார். 1919இல் தந்தை இறந்தார். மறு ஆண்டு, தந்தையின் கடைசி ஓவியங்களுக்கு முன்நின்ற ஆந்த்ரே என்ற பெண்ணை மணந்தார். சில காலம் மண்பாண்டம் வனைந்தார். பின்பு மனைவியைத் திரைநட்சத்திரம் ஆக்கும் ஆசையில் படம் எடுக்கத் துணிந்தார். திரையில் அவர் பெயர் கத்ரீன் எஸ்லிங் ஆயிற்று. ரெனுவார் முதலில் இயக்கி வெளியிட்ட படத்துக்கு நீரின் மகள் என்று பொருள்படும் பெயர். அவருக்கும் ஆற்றுக்கும் உள்ள உறவு அன்றே தொடங்கிவிட்டது எனலாம்.

1926இல் வெளியான 'நானா' பெரும்பொருளை விழுங்கியது. கடனை அடைக்கத் தந்தையின் ஓவியங்களை ஒவ்வொன்றாக விற்றார். சுவரில் ஓவியம் இருந்த இடத்தில் வெறும் சட்டம் தொங்கிய காட்சியை நினைத்துப் பார்க்கிறேன். பணக்கார வீட்டுப் பிள்ளையின் விளையாட்டு என்று சிலர் எண்ணியிருக்கலாம். ஆனால் தந்தையின் கலையை விற்றுத் தன் கலையை வாங்கிய மகனுக்கு அது விளையாட்டாக இருந்திராது.

அயலாரும் கதைமாந்தரே

1930களில் ரெனுவாரின் கலை முதிர்ந்தது. அக்காலப் படங்களுள் இரண்டை மட்டும் இங்கே குறிப்பிடுவேன். என் அத்தை மகளின் கேள்விக்கு அவை நெருக்கமானவை.

முதலாவது, 1935இல் வந்த 'தோனி'. பிரான்சின் தென்கடற்கரையில் பிழைப்புத் தேடி வந்த இத்தாலியரும் இசுபானியரும் அதன் மாந்தர். கதை நடந்த வட்டாரத்திலேயே, கற்சுரங்கங்களிலும் வயல்களிலும் படம்பிடித்தார். கூலிவேலைக்கு வந்த அயல்நாட்டானை வேடிக்கைப் பாத்திரமாகவோ வில்லனாகவோ காட்டாமல், காதலிக்கவும் தவறு செய்யவும் துயருறவும் உரிமை பெற்ற முழு மனிதனாகக் காட்டினார்.

இரண்டாவது, 1937இல் வந்த 'மகத்தான மாயை'. முதல் உலகப்போரில் செர்மானியர் சிறைப்பிடித்த பிரெஞ்சு வீரர்களின் கதை. பிரபு, தொழிலாளி, செல்வந்தரான யூதர் எனப் பலதரப்பட்டவர்கள் ஒரே சிறையில் இருக்கிறார்கள். யூதர்கள் மீது ஐரோப்பாவெங்கும் நஞ்சு தூவப்பட்ட காலத்தில், ஒரு யூத வீரனைப் பெருந்தன்மை உள்ளவனாகப் படைத்தது துணிவான செயல். நாசி ஆட்சி இப்படத்தைத் தடை செய்ததில் வியப்பில்லை.

அதே படத்தில் ஒரு சிறு காட்சி உண்டு. சிறையறையில் ஓர் ஆப்பிரிக்க வீரனும் இருக்கிறான். ஓர் ஓவியத்தைப் பாடுபட்டு வரைந்து முடித்து, மற்றவர்களிடம் காட்டுகிறான். அவர்கள் ஒரு கணம் பார்த்துவிட்டுத் தங்கள் பேச்சைத் தொடர்கிறார்கள். அவ்வளவுதான், காட்சி நகர்ந்துவிடுகிறது. அந்த வீரனாக நடித்தவர் அபீப் பெங்ளியா என்ற கறுப்பின நடிகர். மற்றவர்களுடைய அசட்டையைச் சுட்டிக்காட்டவே ரெனுவார் இக்காட்சியை வைத்தாரா, அல்லது அவரும் அந்த வீரனை அந்த ஒரு கணத்தோடு மறந்துவிட்டாரா? படத்தை இருமுறை பார்த்தும் என்னால் முடிவுக்கு வர இயலவில்லை. பிரெஞ்சுப் படையில் பணிபுரிந்த என் பெரிய தாத்தாவை நினைத்துக்கொண்டே அக்காட்சியைப் பார்த்தேன் என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

கடல் கடந்து

1939 சூலையில் 'ஆட்ட விதிகள்' வெளியானது. மேல்தட்டு மக்களின் பொய் வாழ்வைச் சிரித்துக்கொண்டே தோலுரித்த படம். பாரிசில் பார்வையாளர்கள் கூச்சலிட்டனர். ரெனுவார் படத்தை வெட்டிச் சுருக்கிப் பார்த்தார், பயனில்லை. போர் தொடங்கியதும் அரசு தடை விதித்தது. மூலப்படச்சுருளும் போர்க்காலக் குண்டுவீச்சில் அழிந்தது. கிடைத்த துண்டுகளைச் சேர்த்து அப்படம் மறுபிறவி எடுத்தது 1959இல்தான். இன்று உலகின் தலைசிறந்த படங்களுள் ஒன்றாக அதை எண்ணுகின்றனர்.

1940இல் பிரான்சு வீழ்ந்தது. ரெனுவார் லிசுபன் வழியாகக் கப்பலேறி, அவ்வாண்டின் கடைசி நாளில் நியூயார்க் துறைமுகத்தில் இறங்கினார். அப்போது அவருக்கு வயது 46. புது நாடு, பழகாத மொழி. ஆலிவுட்டில் சில படங்கள் எடுத்தார். 1945இல் வந்த 'தென்னாட்டவன்' அவருக்குச் சிறந்த இயக்குநருக்கான ஆசுகார் பரிந்துரையைப் பெற்றுத் தந்தது. ஆனால் படநிறுவனங்களின் போக்கு அவருக்கு ஒத்துவரவில்லை. அமெரிக்கக் குடிமகன் ஆனார். பிரான்சை மனத்தால் விடவும் இல்லை. இரண்டு நாட்டுக்கும் உரியவராய், இரண்டிலும் முழுமையாய் ஒட்டாதவராய் வாழ்ந்த அந்தப் பத்தாண்டுகளில்தான் 'ஆறு' அவர் உள்ளத்தில் ஊறத் தொடங்கியது.

ஊக்ளிக் கரையில்

ரூமர் காடன் என்ற ஆங்கில எழுத்தாளர் தம் இளமையை வங்காளத்தின் நாராயண்கஞ்சில் கழித்தவர். அந்த நினைவுகளைக் கொண்டு 1946இல் 'ஆறு' என்ற புதினம் எழுதினார். சணல் ஆலையை நிருவகிக்கும் ஆங்கிலேயர் வீட்டில் வளரும் ஆரியட் என்ற பெண்ணின் கதை அது. ரெனுவார் அதைப் படமாக்க விரும்பினார். ஆலிவுட்டில் எவரும் முன்வரவில்லை. புலி வேட்டையும் யானை ஊர்வலமும் இல்லாத இந்தியப் படத்தை யார் பார்ப்பார்கள் என்பது அவர்கள் கவலை. கடைசியில் கைகொடுத்தவர் கென்னத் மெக்கெல்டௌனி என்ற அமெரிக்கர். அவர் லாசு ஏஞ்சலீசில் பூக்கடை வைத்திருந்தவர். படத்தயாரிப்பில் முன் அனுபவம் இல்லாதவர்.

1949 தொடக்கத்தில் ரெனுவார் இடம் பார்க்கக் கல்கத்தா வந்தார். அவர் தங்கியிருந்த விடுதிக்கு, விளம்பர நிறுவனம் ஒன்றில் ஓவியராக இருந்த ஓர் இளைஞர் தேடிச் சென்றார். கல்கத்தாவைச் சுற்றி இடம் தேடும் பயணங்களில் உடன் சென்று ஊரைக் காட்டினார். தம் மனத்தில் இருந்த ஒரு படத்தைப் பற்றியும் பேசினார். ரெனுவார் அதைக் கேட்டு ஊக்கம் தந்தார். அந்த இளைஞர் சத்யசித் ரே. மனத்தில் இருந்த படம் 'பதேர் பாஞ்சாலி'.

அவ்வாண்டின் இறுதியில் படப்பிடிப்பு தொடங்கிற்று. இந்தியாவில் எடுக்கப்பட்ட முதல் டெக்னிகலர் படம் அது. ஒளிப்பதிவு செய்தவர் ரெனுவாரின் அண்ணன் மகன் குளோது. கேமராவை இயக்கியவர் இராமானந்த சென்குப்தா. அரங்க அமைப்பில் துணைநின்றவர் பன்சி சந்திரகுப்தா. படப்பிடிப்பை அருகிருந்து பார்த்துக் குறிப்பெடுத்துக்கொண்ட மாணவர் சுப்ரத மித்ரா. பின்னாளில் பன்சி சந்திரகுப்தாவும் சுப்ரத மித்ராவும் ரேயின் வலக்கையும் இடக்கையும் ஆயினர்.

நம் வட்டாரத்தார் ஆர்வம் கொள்ளத்தக்க செய்தி ஒன்றும் உண்டு. அதே ஊக்ளிக் கரையில் நம்மைப் போலவே பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊர் சந்திரநாகூர். 1949 சூனில் அங்கு நடந்த பொது வாக்கெடுப்பில் மக்கள் இந்தியாவோடு சேரத் தீர்மானித்தனர். 1950 மே 2ஆம் நாள் ஆட்சி கைமாறியது. ஒரு பிரெஞ்சுக் கலைஞர் ஊக்ளியைப் படம்பிடித்த அதே காலத்தில், அந்த ஆற்றங்கரையிலிருந்து பிரெஞ்சுக் கொடி இறங்கிக்கொண்டிருந்தது.

கதையில் இல்லாதவள்

இனித்தான் என் கட்டுரையின் உயிர்நிலை.

காடன் எழுதிய புதினத்தில் முதன்மையான இளம்பெண்கள் எல்லாரும் வெள்ளையர். இந்திய நாட்டில் நடக்கும் கதையில் இந்தியப் பெண்ணுக்குப் பணிவிடை செய்யும் இடம்தான் இருந்தது. இந்தியாவை நேரில் கண்ட ரெனுவாருக்கு இது பொறுக்கவில்லை. காடனுடன் சேர்ந்து திரைக்கதை எழுதியபோது, புதினத்தில் இல்லாத மெலனி என்ற பெண்ணைப் புதிதாகப் படைத்தார். வெள்ளைக்காரத் தந்தைக்கும் இறந்துபோன இந்தியத் தாய்க்கும் பிறந்தவள் அவள். பள்ளிப்படிப்பு முடித்து வீடு திரும்புகிறாள். சட்டையைக் களைந்து புடவை உடுத்துகிறாள். தான் எந்தப் பக்கம் என்று அவளுக்கே தெரியவில்லை.

மெலனியாக நடித்தவர் நம் தமிழகத்துப் பெண். சென்னை அடையாற்றில் 1923இல் பிறந்த இராதா. பிரம்மஞான சபைத் தலைவராய் இருந்த நீ. ஸ்ரீராமின் மகள். கலாக்ஷேத்திரத்தை 1936இல் நிறுவிய ருக்மிணி தேவிக்கு அண்ணன் மகள்; அவரிடமே பரதம் பயின்றவர். மணவாழ்வுக்குப் பின் இராதா பர்னியர் எனப் பெயர் பெற்று, 1980 முதல் 2013இல் மறையும் வரை பிரம்மஞான சபையின் உலகத் தலைவராக விளங்கினார்.

அன்றைய மேனாட்டுப் படங்களில் இந்தியர் வேடம் என்றால் வெள்ளை நடிகர் முகத்தில் மை பூசிக்கொள்வது வழக்கம். 1947இல் வெளிவந்த 'கருப்பு நார்சிசசு' என்ற படத்தில் மலைநாட்டு இந்தியப் பெண்ணாகத் தோன்றியவர் ஆங்கில நடிகை சீன் சிம்மன்சு. அடுத்த மூன்றே ஆண்டில் ரெனுவார் ஓர் இந்தியப் பெண்ணின் இடத்தில் இந்தியப் பெண்ணையே நிறுத்தினார். அது மட்டுமன்று. ஆரியட் சொல்லும் கதைக்குள் கதையாக மெலனி மணப்பெண்ணாகி ஆடும் பரதம், ஒட்டுப்போட்ட ஆட்டமாக இல்லாமல் படத்தின் நடுத்தூணாக நிற்கிறது.

கதையில் வரும் அமெரிக்க வீரர் போரில் ஒரு காலை இழந்தவர். அந்த வேடத்தில் நடித்த தாமசு பிரீனும் மெய்யாகவே போரில் கால் இழந்தவர். தம் காலை இழக்க இருந்து பிழைத்த ரெனுவார் இதில் கருத்தாக இருந்தார் என்பது எளிதில் விளங்கும். ஊனமுற்றவரின் வேதனையை ஊனமுற்றவரே காட்டினார். இரு குலத்துக்கு இடைப்பட்டவளின் தவிப்பை இந்திய முகமே காட்டியது. ஒருவரைப் பற்றிப் பேசும்போது அவரையே பேசவிடும் பண்பு இது.

கரையில் நின்றவர்கள்

இத்தனைப் புகழ்ச்சிக்குப் பின் குறையையும் சொல்ல வேண்டும். சொல்லாவிடில் என் அத்தை மகளுக்கு நான் நேர்மையானவள் ஆகமாட்டேன்.

படம் தரையில் அரிசிமாவுக் கோலம் இடுவதோடு தொடங்குகிறது. கோலமிடும் கைகளுக்கு உரியவள் யார் என்று நமக்குச் சொல்லப்படுவதில்லை. சணல் மூட்டை சுமப்போர், படகோட்டிகள், படித்துறைப் பெண்கள் ஆகியோர் அழகாக வந்து போகிறார்கள். அவர்களுக்குக் கதை இல்லை. ஆரியட்டின் தம்பி நாகம் தீண்டி இறக்கிறான்; அவனோடு விளையாடிய இந்தியச் சிறுவன் கானு பெரும்பாலும் மௌனமாகவே நிற்கிறான். துயரத்தில் ஆற்றில் படகேறிப் போன ஆரியட்டை மீட்பவர்கள் மீனவர்கள்; அவர்கள் பெயரும் நமக்குத் தெரிவதில்லை. 1943இல் வங்காளம் கண்ட கொடும்பஞ்சமும், 1947இல் அது இரண்டாகப் பிளந்ததும் அந்த ஆற்றில் நிழலாகக்கூட விழவில்லை. கதை பிறந்த நாராயண்கஞ்சே படம் எடுக்கும்போது வேறு நாட்டில் இருந்தது.

இன்னொரு குறை நம் காவிரிப்படுகைக்கு நெருக்கமானது. ருக்மிணி தேவிக்குப் பரதம் கற்பித்த ஆசான் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. அவர் ஊர் நம் காவிரிப்படுகையில் உள்ளது. அந்த ஆட்டத்தை நூற்றாண்டுகளாகக் காத்து வந்தவர்கள் கோயில்களில் ஆடிய பெண்கள். எங்கள் திருநள்ளாறு தியாகராசரின் ஏழு விடங்கத் தலங்களுள் ஒன்று; இங்கே இறைவன் ஆடுவது உன்மத்த நடனம் என்பர். இறைவன் ஆடிய ஊர்களில் அவன் முன் ஆடிய பெண்களின் பெயரை இன்று தெருவில் கேட்டால் சொல்வார் இல்லை. பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இல் வந்தது. இழிவு ஒழிந்தது நன்றே. ஆனால் ஆட்டம் மட்டும் அடையாறு சென்று, ஊக்ளி சென்று, 1951இல் வெனிசுத் திரைப்பட விழாவில் பரிசு பெற்ற படத்திலும் இடம் பெற்றபோது, அதைக் காத்த பெண்கள் கரையிலேயே நின்றுவிட்டார்கள்.

ஆகவே, படத்துக்குள் ஒருவரைச் சேர்த்தால் போதாதா என்று கேட்போருக்கு, சேர்க்கப்பட்டவருக்குப் பின்னால் யார் நிற்கிறார் என்றும் பாருங்கள் என்பேன். இது ரெனுவார் மீது சாட்டும் குற்றமன்று. அவர் இரண்டு முறை வந்து, சில திங்கள் தங்கிய விருந்தினர். விருந்தினர் வீட்டின் எல்லா அறையையும் பார்த்துவிட முடியாது. மற்ற அறைகளைத் திறப்பது வீட்டுக்காரர் கடமை.

அந்தக் கடமையைச் செய்தவர் ரே. 1955இல் 'பதேர் பாஞ்சாலி' வந்தது. வங்கச் சிற்றூரில் வளரும் துர்காவும் அபுவும் யாருடைய கதைக்கும் பின்னணி அல்லர், கதையே அவர்களுடையது. ரெனுவார் படத்தில் கோலமிட்ட கைகளுக்கு ரேயின் படத்தில் முகம் கிடைத்தது என்று நான் சொல்வேன்.

இறுதிக் காலம்

'ஆறு' படத்துக்குப் பின் ரெனுவார் ஐரோப்பாவில் மீண்டும் படமெடுத்தார். இத்தாலியில் எடுத்த 'பொன் வண்டி'யும் பிரான்சில் எடுத்த 'பிரெஞ்சுக் கான்கானும்' வண்ணத்தில் மிளிர்ந்தன. பிரான்சில் எழுந்த புதிய அலை இயக்குநர்கள் அவரைத் தந்தையாகப் போற்றினர். பிரான்சுவா துருஃபோ தம் நிறுவனத்துக்கே 'பொன் வண்டி'யின் நினைவாகப் பெயரிட்டார். 1962இல் தம் தந்தையைப் பற்றி ரெனுவார் ஓர் அரிய நூல் எழுதினார். சிறுவயதில் வரையப்பட்டவர், முதுமையில் வரைந்தவரை வரைந்தார். 1974இல் தன் வரலாறும் வெளிவந்தது. 1975இல் வாழ்நாள் பணிக்காக ஆசுகார் சிறப்பு விருது அளிக்கப்பட்டது. 1979 பிப்ரவரி 12ஆம் நாள், 84ஆம் வயதில், அமெரிக்காவின் பெவர்லி இல்சில் காலமானார். உடல் பிரான்சுக்குக் கொண்டுவரப்பட்டு, தாயின் ஊரான எஸ்ஸுவாவில் அடக்கம் செய்யப்பட்டது. இரு நாட்டுக்கு உரியவராய் வாழ்ந்தவர், இறுதியில் தாயூர் மண்ணுக்குத் திரும்பினார்.

அவளுக்கு நான் எழுதிய விடை

விடுமுறை முடிந்து அத்தை மகள் பாரிசு திரும்பிவிட்டாள். அவளுக்குத் தமிழில், பெரிய எழுத்தில், ஒரு மடல் எழுதினேன். நீ அந்த மூவரில் எவளும் அல்லள் என்று முதலில் எழுதினேன். ஆரியட்டுக்கு எழுதத் தெரியும், ஆனால் அவள் தன் வீட்டை விட்டு வெளியே இருந்தவர்களை எழுதவில்லை. மெலனிக்குத் தவிப்பு உண்டு, ஆனால் அவள் தன் கதையைத் தானே சொல்லவில்லை. நீயோ இரண்டும் செய்யக்கூடியவள் என்று எழுதினேன்.

எங்கள் ஊர்க் கதையையும் நினைவூட்டினேன். கார்க்கோடகன் தீண்டி நளன் உருமாறினான். தேரோட்டியாகவும் சமையற்காரனாகவும் வேற்றூரில் வாழ்ந்தான். கண்டவர் எவரும் அவனை அரசன் என்று அறியவில்லை. அவன் சமைத்த உணவின் சுவையைக் கொண்டும், அவன் பிள்ளைகளைக் கண்டு கலங்கியதைக் கொண்டும் தமயந்தி ஒருத்திதான் அவனை அறிந்தாள். அறிபவர் ஒருவர் இருந்ததால்தான் அவன் தன்னுருவைப் பெற்றான். வேற்றாள் என்று பிறர் சொல்லும்போது கலங்காதே. உன்னை அறியும்படி நீ உன் கதையைச் சொல் என்று எழுதினேன்.

காலமும் மாறிவருகிறது. 2015இல் பிரெஞ்சு இயக்குநர் சாக் ஓதியார் எடுத்த 'தீபன்', கான் திரைப்பட விழாவின் தலைப்பரிசாகிய தங்கப்பனையைப் பெற்றது. ஈழத்திலிருந்து பாரிசுப் புறநகருக்குப் போய்ச் சேரும் மூவரின் கதை; பெரும்பகுதி தமிழிலேயே பேசப்படுகிறது. தலைமை வேடத்தில் நடித்தவர் எழுத்தாளர் சோபாசக்தி என்கிற அந்தோணிதாசன். உடன் நடித்தவர் நம் தமிழகத்தின் காளீசுவரி சீனிவாசன். மெலனி தோன்றி அறுபத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின், பிரெஞ்சுக்காரர் எடுத்த படத்தில் தமிழர் தமிழராகவே பேசினர். ஆயினும் அதையும் எடுத்தவர் வேறொருவர்தாம். பாரிசில் வளரும் காரைக்கால் பெண் ஒருத்தி, தன் வளர்பருவத்தைத் தானே படமாக எடுக்கும் நாளுக்காக நான் காத்திருக்கிறேன்.

பத்து நாள் கழித்து மறுமடல் வந்தது. எழுத்துப்பிழைகள் நிறைந்த தமிழில் நான்கு வரிதான் இருந்தது. கைப்பேசியிலேயே ஒரு சிறு படம் எடுக்கத் தொடங்கிவிட்டாளாம். பள்ளியில் உடன் படிக்கும் அல்சீரியப் பெண்ணும் மாலி நாட்டுப் பையனும் அதில் வருகிறார்களாம். அடுத்த கோடையில் நளன் குளத்துப் படியில் மீதியை எடுக்க வேண்டுமாம். ஆட்டம் அறிந்த பாட்டிமார் யாரேனும் நம் பக்கத்து ஊர்களில் இன்னும் இருக்கிறார்களா, விசாரித்து வை அக்கா என்று கேட்டிருந்தாள்.

விசாரித்துக்கொண்டிருக்கிறேன். நம் கல்லூரித் தோழர் தோழியர் யாருக்கேனும் தெரிந்தால் என்னிடம் சொல்ல வேண்டுகிறேன்.